பார்ட்டி வருது, வெளியே போ

9 பிப்ரவரி 1986, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்து பைபிளை மேசையில் வைப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "நாலு மணிக்கு வீடு பாக்க பார்ட்டி வருது. நீ எங்கயாவது போயிருல."

எங்கே போக? கேட்டேன்.

"எங்கயாவதுன்னா எங்கயாவது. இந்த நீள முடியோட கேட்டுல உக்காந்து ஊதிக்கிட்டு இருக்காத. வாரவன் இது ரவுடி வீடுன்னு நினைப்பான்."

நான் ஊதுவது கேட்டில் இல்லை. பின்னால், தண்ணீர்த் தொட்டி மறைவில். கேட்டில் சும்மா உட்காருவேன், அவ்வளவுதான். பி.காம். இரண்டாம் வருடத்தோடு காலேஜை விட்டவனுக்கு இந்த செகந்திராபாத் மாரெட்பள்ளியில் உட்கார வேறு என்ன இடம் இருக்கிறது?

அப்பா போன மாதம் ரிட்டயர் ஆனார். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தே ஆயுசைக் கழித்தவர். இப்போது இந்த வீட்டை விற்றுவிட்டு, கோயம்புத்தூரில் பியூலா அக்கா வீட்டு மாடியில் ஒரு வீடு கட்டிக்கொண்டு போகப் போகிறார், அம்மாவோடு. மழைக்கு முன் மாடியை ஆரம்பிக்க வேண்டும் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். அதனால் வீடு சீக்கிரம் போக வேண்டும்.

நான் எங்கே போவேன் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஈரானி ஹோட்டலில் ஒரே சாயாவை வைத்துக்கொண்டு பொழுதைத் தள்ளிவிட்டு இருட்டினதும் வந்தேன். பார்ட்டிக்குப் பிடிக்கவில்லையாம்.

"நீ போகும்போது அவுக கண்ணுல பட்டியா?"

இல்லைப்பா. படல.

16 பிப்ரவரி, ஞாயிறு

இன்றைக்குப் பட்டுவிட்டேன்.

பேங்க்காரர், மனைவி, மாமியார் என்று மூன்று பேர், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு இருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் இங்கிலீஷில் சொன்னார், பேப்பர் பையனா, நாளைக்கு வாப்பா என்று.

நான் "எஸ் சார்" என்றேன்.

ஏன் சொன்னேன்? நான் உங்க மகன்னு அங்கேயே கத்தியிருக்கணும். வாயாடி வாயாடின்னு ஊரே சொல்லுது, அந்த நேரத்துல வாய்ல என்ன இருந்துச்சு, கொழுக்கட்டையா? எஸ் சாராம். எஸ் சார்!

அவர்களுக்கும் வீடு பிடிக்கவில்லை.

22 பிப்ரவரி, சனி

வீட்டுக்கு டிஸ்டெம்பர் அடிக்கிறார்கள். புரோக்கர் வரதராஜன் சொன்ன யோசனை. வரதராஜன் தமிழ் ஆள்தான், மூன்று தலைமுறையாக செகந்திராபாத். பேச்சு பாதி தமிழ், மீதி இந்த ஊர். "சுவர் பளபளன்னு இருந்தா பார்ட்டி கூரையைப் பார்க்க மாட்டான் பாபு" என்றார். கூரையில் ஒழுகல் கறை இருப்பது உண்மை.

ஹாலில் அடிக்கும்போது அப்பா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கல்லின் மேல் ஒரு சொட்டு விழக்கூடாது. பேப்பர் ஒட்டி, ஓரம் ஓரமாக அடிக்க வைத்தார். பெயின்டர் முகத்தைச் சுளித்தபடியே அடித்தான்.

கல் என்றால், ஸ்டான்லி அண்ணனுடைய கல். வாசலில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில், இடுப்பு உயரத்தில். வெள்ளைச் சலவைக்கல், மேலே ஒரு சிலுவை, கீழே கறுப்பு எழுத்தில் அவன் பேர், இரண்டு தேதி, "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்". அதற்குக் கீழே ஒரு சின்ன மாடம் மாதிரி வைத்து, அதில் அம்மா தினம் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கிறாள். நம் கோயில் சுவரில் பழைய பாதிரி ஐயர்மார் பேரில் பதித்திருக்கிற கல்லைப் பார்த்து, அதே மாதிரி அப்பா செய்யச் சொன்னது.

அண்ணன் இன்ஜினியர். அப்பா கம்பெனியிலேயே வேலை. எண்பத்திரண்டில் காந்தி ஜெயந்தி லீவுக்கு சிநேகிதர்களோடு நாகார்ஜுனசாகர் போனான். தண்ணீரில் இறங்கினான். ஆள் கிடைக்கவே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒரு இடம் தருகிறோம், பேருக்கு ஒரு கல் நட்டுக்கொள்ளுங்கள் என்று ஐயர் சொன்னார். "ஆள் இல்லாத குழிக்கு மேல கல்லா?" என்றார் அப்பா. ஹாலில் வைத்துவிட்டார்.

அவன் போனதும் என்னிடமிருந்து இன்னொரு ஸ்டான்லியை எதிர்பார்த்தார்கள். வரவில்லை. நான்தான் வந்தேன்.

2 மார்ச், ஞாயிறு

வரதராஜன் இன்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். பார்ட்டி வருகிற அன்றைக்குக் கருவாடு பொரிக்கக்கூடாது. கொடியில் உள்பாவாடை காயக்கூடாது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் பார்த்துத்தான் பார்ட்டியைக் கூட்டி வருவாராம், அப்போது குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தம் கேட்க வேண்டுமாம்.

"மேற்குப் பார்த்த வாசல் கொஞ்சம் கஷ்டம்மா. பரவால்லை, சமாளிச்சுடலாம்" என்றார்.

"வேற என்ன கஷ்டம்?" என்று நான் கேட்டேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

"தெரியாதாக்கும்?" என்றார் அப்பா.

அம்மாவுக்கு வேறொரு வருத்தம். வருகிறவர்கள் யாரும் காபியைத் தொடுவதில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள். பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட பஜ்ஜியைத் தின்றுவிட்டுத்தான் பிடிக்கலை என்பார்கள். "நம்ம கைல தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாகளோ?" என்று அம்மா கேட்டாள். அப்படியெல்லாம் இருக்காதும்மா என்றேன். இருக்குமோ?

9 மார்ச், ஞாயிறு

பார்ட்டி. வெளியே. பிடிக்கலை. நான்தான் காரணம்.

16 மார்ச், ஞாயிறு

காரணம் தெரிந்துவிட்டது!

இன்று ஹோட்டலுக்குப் போகவில்லை. காசில்லை. தெருமுனை பான் டப்பாக் கடைக்குப் பின்னால் நின்றேன். பார்ட்டி வந்தார்கள், புருஷன் பெண்டாட்டி, ஸ்கூட்டர். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்கள். அந்தாள் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்க்கிறான், கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டு என் பக்கத்திலேயே வந்து நின்றான். அந்த அம்மாள் தெலுங்கில் படபடவென்று பொரிந்தாள்.

"இண்ட்லோ சமாதி உந்தண்டி! சமாதி! ஹால்லோ!"

வீட்டுக்குள்ளே சமாதியாம். ஹாலிலேயே.

அந்தாள், சும்மா போட்டோ மாதிரி ஏதோ கல் என்றான். அவள் விடவில்லை. சிலுவை இருக்கு, ரெண்டு தேதி இருக்கு, பூ இருக்கு, மெழுகுவர்த்தி எரியுது, சுவத்துக்குள்ளதான் வச்சுக் கட்டியிருக்காங்க, அந்த வீட்ல காபி வேற குடிக்கச் சொல்றாங்க, நல்லவேளை குடிக்கலை!

எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கேயே, டப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சிலுவையும் தேதியும்தான் தெரிகிறது. உள்ளே வருகிறவன் முதலில் பார்ப்பதே அதைத்தான். யார்தான் வாங்குவான்?

நான் இல்லை. நான் இல்லவே இல்லை. என் முடியும் இல்லை, சிகரெட்டும் இல்லை.

வீட்டுக்குப் போனதும், "யாரு கண்ணுல பட்ட?" என்றார் அப்பா. வாய் வரை வந்தது. அவர் கல்லுக்கு நேர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொல்லவில்லை.

18 மார்ச், செவ்வாய்

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"அவர்ட்ட சொல்லிராத ஐயா."

"அப்ப நான் கெட்ட பேர் வாங்கணுமா?"

"கல்லை எடுன்னு யாராவது சொன்னா அவரு செத்துருவாரு. உனக்கென்ன, ஒரு பேச்சு. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுரு."

நல்லாருக்கும்மா. ரொம்ப நல்லாருக்கு. எனக்கு ரெண்டு காது இருக்கிறது இதுக்குத்தான்.

30 மார்ச், ஈஸ்டர்

பியூலா அக்காவும் குணசேகரன் அத்தானும் வந்திருக்கிறார்கள். மத்தியானம் பிரியாணி சாப்பிட்ட கை காயும் முன்னே அத்தான் மேசையில் பிளானை விரித்தார். மாடி வீட்டுக்கு.

"இது ஹாலு. இது மாமா அத்தை ரூமு. இது கிச்சன். இந்தப் பக்கம் பால்கனி, அத்தை பூ வைக்கலாம்."

அக்கா விரலை வைத்துக் காட்டினாள். "இந்தச் சுவத்துல அண்ணன் கல்லுக்கு இடம் விட்டிருக்கோம்ப்பா. மேல ஒரு லைட் பாயின்ட்கூட வருது."

அப்பா அந்த இடத்தைத் தடவினார். பேப்பரை.

"நான் எங்க அத்தான்? பால்கனியா?" என்றேன்.

அத்தான் சிரித்தார். "நீ என்ன மாப்ளே, அதுக்குள்ள ஒரு வேலைல உக்காந்துருவேல்லா?"

"உக்காருவான், உக்காருவான்" என்றார் அப்பா. "கேட்டுல. இவன் உக்கார்ந்துதான் ஒரு பார்ட்டியும் நிக்க மாட்டேங்கான். இந்த வீடு மட்டும் போகலைன்னா அதுக்கு இவன்தான் காரணம்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை! அம்மா தலையைக் குனிந்துகொண்டு தட்டுகளை எடுத்தாள். அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு தட்டு எடுக்கிறாள்.

எழுந்து வெளியே வந்துவிட்டேன். கல்லுக்கு லைட் பாயின்ட். சரி.

6 ஏப்ரல், ஞாயிறு

எல்லாம் போச்சு. எழுதக் கை வரலை, இருந்தாலும் எழுதுறேன்.

வீடு விற்றால் எனக்குத் தெருதான். தெரியும். ஆனால் என்னால்தான் விற்கவில்லை என்று அப்பா சொல்வதை இன்னொரு ஞாயிறு கேட்க முடியாது. ஒரே ஒரு பார்ட்டி கல்லைப் பார்க்காமல் வீட்டைப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம் யாரால் என்று.

அப்பா பார்ட்டியை எதிர்கொள்ள முனைக்குப் போனார். நான் வெளியே போவது போலப் போய், கொல்லை வழியாகத் திரும்பி வந்தேன். கம்பெனி கொடுத்த பெரிய காலண்டர், அணைக்கட்டு படம் போட்டது, அதைக் கல்லுக்கு மேலே ஆணியில் மாட்டினேன். பூவையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துச் சமையலறையில் வைத்தேன். அம்மா பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

உள்ளே வந்ததும் அப்பா பார்த்திருப்பார். பார்ட்டி கூடவே நுழைந்துவிட்டதால் வாயைத் திறக்க முடியவில்லை. கரன்ட் இல்லை, ஃபேன் நின்றிருந்தது. புருஷன், பெண்டாட்டி, ஒரு கிழவி. ஸ்கூல் வாத்தியார் குடும்பம். வீடு பிடித்துவிட்டது! ஜன்னலைத் திறந்து பார்க்கிறார்கள், அலமாரியைத் திறக்கிறார்கள், கிழவி எங்கே சாமி மாடம் வைக்கலாம் என்று பேசுகிறாள். வரதராஜன் உற்சாகத்தில் குழாயைத் திறந்துவிட்டார். அம்மா காபி கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டார்கள்!

கரன்ட் வந்தது.

ஃபேன் சுற்றியது. காலண்டர் முதலில் லேசாக ஆடியது. அப்புறம் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு பறந்து கிழவி காலடியில் விழுந்தது.

"அம்மோ!" கிழவிதான். டம்ளரைக் கீழே வைத்தாள். பெண்டாட்டியும் வைத்தாள். புருஷன் வாயில் இருந்த காபியை முழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நின்றான். கல் மட்டும் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதை மறைத்து வேறு வைத்திருக்கிறார்களே என்று வரதராஜனைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டுப் போனார்கள்.

அப்பா காலண்டரை எடுத்துச் சுருட்டினார். நிதானமாக.

"அவனை மறைக்க நீ யாருல?"

"என்னைய மறைச்சீங்களே? வாரா வாரம்? பேப்பர் பையன்னு சொன்னீங்களே?"

"நீயும் அவனும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லைப்பா. அவன் ஹால்ல இருக்கான். நான் வெளிய இருக்கேன்."

சுருட்டின காலண்டராலேயே அடித்தார். வலிக்கவில்லை. காகிதம்தானே. அம்மா நடுவில் வந்து விழுந்தாள். நான் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், சமாதி, தேதி, காபி, எல்லாம். வீடு போகாததுக்கு இந்தக் கல்லுதான்ப்பா காரணம், நானில்ல என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அப்பா ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "அது அங்கதான் இருக்கும்" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார்.

ஏன் ஆச்சரியப்படலை?

7 ஏப்ரல், திங்கள்

வரதராஜனைத் தேடிக்கொண்டு போனேன். கிளாக் டவர் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆபீஸ். ஒரு மேசை, ஒரு போன், ஒரு கயிற்றுக் கட்டில்.

"சார், நீங்களே ஒருதடவை அப்பாகிட்ட சொல்லுங்க. கல்லாலதான்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறார்."

வரதராஜன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அரே பாபு, நான் முதல் நாளே சொல்லிட்டேனே. முதல் பார்ட்டி போனதுமே. சார், அந்தக் கல்லை எடுத்து உள் ரூம்ல மாட்டிக்கோங்க, சட்டுனு முடிச்சுத் தரேன்னு. உங்க அப்பா என்ன சொன்னார் தெரியுமா?"

"என்ன சொன்னார்?"

"கல்லைப் பத்திப் பேச நக்கோ, வேண்டாம்னுட்டார். என் சின்னப் பையன்தான் கேட்ல உக்காந்து கெடுக்கிறான், அவனை அனுப்பிடறேன்னார். நான் கமிஷன்காரன். ஹவ் சார், ஆகட்டும்னுட்டேன்." பிறகு கொஞ்சம் இறங்கி, "கைக்கு பாபு, எதுக்கு இதைப் போய் மனசுல வெச்சுக்கிறே? சாயா குடி" என்றார்.

குடித்தேன். என்ன பண்ண?

முதல் நாளே தெரியும். தெரிஞ்சேதான் என்னைய வெளிய அனுப்பியிருக்கார். தெரிஞ்சேதான் அக்கா முன்னாடி, அத்தான் முன்னாடி. செத்தவன் பேர்ல ஒரு சொல் விழக்கூடாது, அதனால உயிரோட இருக்கிறவன் பேர்ல எல்லாத்தையும் போடு. அம்மாவுக்கு ரெண்டு காது. அப்பாவுக்கு ரெண்டு மகன், ஒருத்தனுக்குப் பூ, ஒருத்தனுக்குப் பழி.

13 ஏப்ரல், ஞாயிறு

பார்ட்டி வந்தது. நான் கேட்டில் உட்கார்ந்திருந்தேன், கால்மேல் கால் போட்டு, சிகரெட்டோடு. அப்பா போ என்று சொல்லவில்லை. பார்ட்டி போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

அதேதான்.

11 மே, ஞாயிறு

வீடு விற்றுவிட்டது.

வந்தவன் ஃபியட் காரில் வந்தான். சஃபாரி சூட். பேர் ஜகதீசன், சேலம் பக்கம், இங்கே அபார்ட்மென்ட் கட்டுகிறான். கூட ஒருவன் டேப்போடு. அவன் அம்மாவின் செடிகளை மிதித்துக்கொண்டு காம்பவுண்டை நீளத்துக்கும் அகலத்துக்கும் அளந்தான்.

அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். "உள்ள வாங்க. இப்பதான் டிஸ்டெம்பர் அடிச்சோம்."

"உள்ள எதுக்கு சார்? எப்படியும் இடிக்கத்தானே போறோம்" என்றான் ஜகதீசன்.

அம்மா காபி கொண்டுவந்தாள். கார் பக்கத்தில் நின்றுகொண்டே மடமடவென்று குடித்தான். இந்த வீட்டில் காபியைக் குடித்து முடித்த ஒரே பார்ட்டி.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒளிக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, வலிய அவனை வாசல் வரை கூப்பிட்டுக் கையைக் காட்டினார். "என் மூத்த மகன் பேர்ல ஒரு கல்லு பதிச்சிருக்கேன்."

ஜகதீசன் எட்டிப் பார்த்தான். "நல்ல மார்பிள். எடுத்துட்டுப் போயிடுங்க சார், இல்லைன்னா இடிபாட்டோட போயிடும்."

முடிந்தது. வாசல் மேற்கா கிழக்கா கேட்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. கூரைக் கறையைப் பார்க்கவில்லை. கேட்டில் நான் உட்கார்ந்திருந்தேன், காரை எடுக்கும்போது, "தம்பி, கொஞ்சம் கேட்டைத் திற" என்றான். அவ்வளவுதான்.

வீட்டை வீடாகப் பார்க்க வந்தவன் எல்லாம் பயந்து ஓடினான். வீடே வேண்டாம் என்று வந்தவன் வாங்கிவிட்டான். இதுக்கா என்னை வாரா வாரம் துரத்தினீங்க? இதுக்கா டிஸ்டெம்பர்?

31 மே, சனி

காலையிலிருந்து ஹாலில் டொக் டொக் என்று சத்தம். அப்பா உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு கல்லின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். உளி வழுக்கிச் சுவரில் கீறுகிறது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உதவி செய்யவில்லை. ஏன் செய்யணும்?

கடைசியில் அவரே கூப்பிட்டார். "ரூஃபஸ். நீ எடுத்துத் தாயேன்."

'ஏல'ன்னு இல்லை. பேர். எவ்வளவு காலமாச்சு.

உளியை வாங்கினேன். அவர் இரண்டு கையாலும் கல்லைக் கீழே தாங்கிக்கொண்டு நின்றார், குழந்தைக்குக் குளிப்பாட்டும்போது பிடிக்கிற மாதிரி. சிமென்ட் பொரிந்து அவர் முடியில் விழுந்தது. எங்கள் முகங்கள் பக்கத்தில் பக்கத்தில். அப்படி நின்றதே கிடையாது.

தட்டிக்கொண்டே கேட்டேன். "முதல் நாளே வரதராஜன் சொன்னாராமே."

கல்லை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நானும் தட்டினேன்.

"ஆமா" என்றார்.

"பின்ன எதுக்குப்பா என்னையச் சொன்னீங்க?"

"உன்னையச் சொன்னா நீ திருப்பிச் சொல்லுவ. சண்டை போடுவ. அவனால என்னல சொல்ல முடியும்?"

எல்லாத்துக்கும் திருப்பிச் சொல்றவன் நான். இந்தத் தடவை உளியைத்தான் தட்டினேன்.

கல் கழன்று வந்தது. உடையவில்லை. பின்னால் ஒன்றுமே இல்லை, சிமென்டும் இரண்டு பல்லி முட்டையும். இத்தனை பேரைத் துரத்தியது இதுதான். அப்பா அந்தக் குழிக்குள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். எதைத் தேடினார் தெரியவில்லை. அம்மா ஓரத்தில் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாள்.

சமாதின்னு அவங்க சொன்னதும் தப்பில்லைன்னு அப்ப தோணுச்சு. அப்பாவுக்கு அவன் இங்கதான் இருந்தான்.

8 ஜூன், ஞாயிறு

ஸ்டேஷனுக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். சாமான்கள் எல்லாம் லாரியில் முன்னாலேயே போய்விட்டன. கல் மட்டும் லாரியில் போகவில்லை. இரண்டு போர்வை சுற்றி, கயிறு கட்டி, கையோடு கொண்டுபோகிறார் அப்பா.

நான்தான் தூக்கினேன். பாலம் ஏறி இறங்கி. "பாத்து, பாத்து. படில இடிச்சுராத" என்று பின்னாலேயே வந்தார். கம்பார்ட்மென்டில் கீழ் பெர்த்துக்கு அடியில் படுக்க வைத்தேன்.

எதிர் சீட்டில் ஒரு தமிழ் ஆள், குடும்பத்தோடு. என் வேர்வையைப் பார்த்துவிட்டு, "தம்பி, என் டிரங்குப் பெட்டியையும் கொஞ்சம் மேல ஏத்திவிடு, பார்த்துத் தரேன்" என்றான்.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அவன் போர்ட்டர் இல்லைங்க" என்றாள் அம்மா. "எங்க புள்ள."

அந்தாளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எஸ் சார்" என்று சொல்லி, பெட்டியை மேலே ஏற்றிவைத்தேன். அப்பாவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"வேலை கிடைச்சதும் எழுது" என்றார் அப்பா. வண்டி நகரும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். "கேட்டுச் சாவியை அந்த ஆள்ட்ட குடுத்துரு" என்றார்.

ஸ்டான்லி அண்ணன் கோயம்புத்தூர் போகிறான். அவனுக்கு லைட் பாயின்ட் இருக்கிறது.

அம்மா கை மட்டும் ரொம்ப தூரம் வரைக்கும் ஆடிக்கொண்டே இருந்தது.

9 ஜூன், திங்கள்

ஜகதீசனிடம் சாவியைக் கொடுத்தேன். பூட்டுகிற மாதிரி இல்லை, கேட்டையே கழற்றிவிட்டார்கள்.

வரதராஜன் ஆபீஸ் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். "உனக்குத் தெலுங்கு வருது, ஹிந்தி வருது, பார்ட்டி மனசுல என்ன ஓடுதுன்னு வேற தெரியுது. வேற எவன் உனக்கு வேலை தரப் போறான்?"

என் அப்பா வீட்டை விற்கத் தெரியாதவனுக்கு ஊர் வீட்டை விற்கிற வேலை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

லோத்குண்டாவில் ஒரு வீடு. ஓனர் நாராயணஸ்வாமி, டிஃபென்ஸ் அக்கவுன்ட்ஸில் இருந்தவர். மனைவி தவறிவிட்டாள், வீட்டை விற்றுவிட்டு மெட்ராஸ் போகிறார். நல்ல வீடு, கிழக்குப் பார்த்த வாசல், தண்ணீர் இருக்கிறது. சீக்கிரம் போக வேண்டிய வீடு.

வராந்தாவில் அவர் தம்பி உட்கார்ந்திருந்தார். கிட்டு. நாற்பது வயது இருக்கும். மடியில் டிரான்சிஸ்டர், பாடவில்லை. என்னைக் கண்டதும், "வண்டி நம்பர் என்ன?" என்றார். எனக்கு வண்டி இல்லை சார், பஸ்தான் என்றேன். "பஸ் நம்பர் என்ன?" சொன்னேன். சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

நாராயணஸ்வாமி என்னை ஓரமாக அழைத்துப் போனார். "அவன் கொஞ்சம் அப்படித்தான், சாது. நீங்க கவலைப்படாதேங்கோ. பார்ட்டி வர நேரத்துக்குப் பின்கட்டு ரூம்ல வெச்சுச் சாத்திடறேன். சத்தம் போட மாட்டான், பழகிடுத்து அவனுக்கு."

பழகிடுச்சாம்.

"வேண்டாம் சார். இங்கயே இருக்கட்டும்."

"வரவா என்ன நினைப்பா?"

"நினைச்சுக்கட்டும்."

அவருக்கு என்னமோ போல் இருந்தது. ஆனால் நான் புரோக்கர், எனக்குத் தெரியும் என்று நம்பிவிட்டார்.

பார்ட்டி வந்தார்கள். புருஷன், பெண்டாட்டி. அவர்களிடமும் கிட்டு வண்டி நம்பர் கேட்டார். அந்தப் பெண் புருஷன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். "யாரு இவர்?" என்று புருஷன் கேட்டான். நாராயணஸ்வாமி என்னைப் பார்த்தார். அவரே சொல்லட்டும் என்று நின்றேன். அவர் வேட்டி நுனியைக் கசக்கினார். பிறகு, "என் தம்பி" என்றார்.

வீட்டை அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். வர மாட்டார்கள், முகத்திலேயே தெரிந்தது.

வரதராஜன் சாயங்காலம் குதி குதி என்று குதித்தார். பைத்தியமாடா நீ, இப்படிப் பண்ணா அந்த வீடு இந்த ஜென்மத்துல போகாது, உன் கையால ஒரு வீடும் போகாது என்றார். இருக்கலாம்.

அடுத்த ஞாயிறு வேறொரு பார்ட்டி. கிட்டு சாரின் நாற்காலியை வராந்தாவிலேயே போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.